நவாபுக்கு ஊட்டிவிடுகிறவர்

‘என் கையால்தான்’ என்றொரு மனித இனம் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் பிரியாணித் தேக்சாவுக்குப் பக்கத்தில் கரண்டியை யாரிடமும் கொடுக்காமல் நிற்பார். வீட்டுத் தண்ணீர் மோட்டாரை அவர்தான் போடவேண்டும், அவர்தான் நிறுத்தவேண்டும். பீரோ சாவியை, “லேசா இடது பக்கம் அழுத்தித் திருப்பணும், அது ஒரு பக்குவம்” என்று சொல்லித் தன் இடுப்பிலேயே வைத்திருப்பார். அவர் சிக்குன்குனியாவில் படுத்திருந்த பத்து நாளும் அதே பீரோவை அவர் மனைவி ஒற்றைக் கையால் திறந்து மூடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்பமாட்டார்.

மரக்காணம் பக்கீர் முஹம்மது இந்த இனத்தில் அசல் ரகம். நாற்பது பாத்தி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். பாத்தியில் நிற்கும் உவர்நீரை வெயில் காய்ச்சுகிறது, காற்று உலர்த்துகிறது, குப்பம்மாளும் இன்னும் நான்கு பேரும் பலகை போட்டு வாரிக் குவிக்கிறார்கள், இவர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேட்டால், “நான் ஒரு நாள் போகலைன்னா உப்பு உறையாதுப்பா” என்பார். உப்புக்கு இந்த விஷயம் தெரியாது. அது பாட்டுக்கு உறைந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு காக்கட்டீல் கிளிக் குஞ்சு அகப்பட்டால் என்ன ஆகும்? வானூரில் பறவை வளர்த்து விற்கும் வெற்றிச்செல்வனிடமிருந்து ஐந்து வாரக் குஞ்சாக அதை வாங்கிவந்தார். சாம்பல் நிறம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. நவாப் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் ஒரு சடங்கு நடந்தது. குஞ்சுக்கான தீவன மாவை வெந்நீரில் கரைப்பார், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார், பிஸ்மில்லாஹ் சொல்லி ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் விடுவார், கழுத்துக்குக் கீழே இரைப்பை உப்பியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார், பிறகு மாஷா அல்லாஹ் என்று தன்னையே பாராட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் மிக்சி ஓட்டக் கூடாது.

“வேற யாரு குடுத்தாலும் வாயைத் தொறக்காது” என்று ஊரெல்லாம் சொன்னார். வேறு யார் கொடுத்துப் பார்த்தார்கள்? யாரையும் கிட்டே விட்டால்தானே!

இந்த நேரத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து மகள் ஷஹானா, அத்தா அம்மா இருவரும் மக்கா போய் உம்ரா செய்துவர டிக்கெட் போட்டாள். பதினைந்து நாள் பயணம், அடுத்த வாரம் வியாழக்கிழமை விமானம். அவர் மனைவி சைபுன்னிசா போகவேண்டுமென்று நிய்யத் வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. மழை வந்தது, குத்தகை வந்தது, ‘நான் இல்லன்னா’ வந்தது. இந்த வருடம் கிளி வந்திருக்கிறது.

“நவாபை யாரு பாத்துப்பாங்க?” என்றார் பக்கீர் முஹம்மது.

“குப்பம்மா பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கா.”

“அவளுக்கு சிரிஞ்சுல குடுக்க வருமா? தானா சாப்பிட ஆரம்பிச்சா போவோம். இல்லன்னா இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம்.”

சைபுன்னிசா உள்ளே போய் வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கணவர் காதருகே நீட்டினாள். அந்தப் பையன் கோயில் மணி மாதிரித் தெளிவாகச் சொன்னான்: “ஒம்பது வாரம் ஆச்சுங்க பாய். சிரிஞ்சைக் குறைச்சுக்கிட்டே வாங்க. கிண்ணத்துல தினை போட்டு வைங்க. அதுவே கொத்திக் கத்துக்கும். கொஞ்சம் கத்தும், மனசு எளகிடாதீங்க.”

கிண்ணம் வைத்தார். விளிம்புவரை தினை போட்டு, “யாரும் தொடக் கூடாது, கை பட்டா வாடை மாறிடும்” என்று உத்தரவு போட்டார். மதிய வேளையை நிறுத்தினார். நவாப் கொண்டையைத் தூக்கிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கத்தியது. மனசு இளகாமல் இருக்க அவர் என்ன உப்புக்கல்லா? “ஒரே ஒரு சொட்டு” என்று சிரிஞ்சை எடுத்தார்.

“அது வயித்துல நீங்க ஊத்திக்கிட்டே இருந்தா எப்பிடிங்க அது கொத்தும்?” என்றாள் சைபுன்னிசா.

“உனக்குத் தெரியாது.”

தினமும் மாலையில் கூண்டுக்கு முன்னால் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சோதனை. முதல் நாள் கிண்ணம் நிறைந்திருந்தது. இரண்டாம் நாள் நிறைந்திருந்தது. மூன்றாம் நாளும். “பாத்தியா? ஒரு மணி தொடலை” என்பார். குரலில் கவலை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கவலைக்கு ஜரிகை வைத்துத் தைத்த மாதிரி ஒரு பெருமையும் இருந்தது. நிறைந்த கிண்ணத்தில் மேலே எதற்குப் போடுவது என்று அவர் ஒரு பிடி தினைகூடச் சேர்க்கவில்லை.

ஐந்தாம் நாளிலிருந்து நவாபின் கத்தல் இரட்டிப்பானது. சிரிஞ்சை நீட்டினால் தலையை உதறி மாவை அவர் சட்டையிலேயே துப்பியது. “சூடு பத்தலை” என்று மறுபடி காய்ச்சினார். மறுபடியும் துப்பியது. “கோவமா இருக்குது. நான் ஊருக்குப் போறேன்னு அதுக்குத் தெரிஞ்சுடுச்சு” என்றார். கண்கூடக் கலங்கியது, பாவம்.

திங்கட்கிழமை மாலை முடிவெடுத்துவிட்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து மகளுக்குச் சொல்லிவிடுவதாக அறிவித்தார். சைபுன்னிசா உம்ராவுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணிகள் கட்டிலில் மடித்தபடி இருந்தன. அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் அவள் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள். பதினோரு வருட ஆத்திரம் மொத்தமும் அந்தச் சின்னக் கிளிமேல் திரும்பியது. “ஏன்டா, ரெண்டு மணி தின்னா உனக்கு என்ன கொறைஞ்சா போயிடும்?” என்று கேட்டபடி, உத்தரவை மீறிக் கிண்ணத்தைத் தூக்கினாள்.

கிண்ணத்தில் கனமே இல்லை.

அரிசி புடைத்த கைக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் சத்தம் போடாமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பக்கீர் முஹம்மது வந்தார். செருப்பைக் கழற்றும்போதே போனை வாயருகே பிடித்துக் குரல் பதிவை அழுத்தினார். “ஷஹானா, அத்தா பேசறேன். அந்த டிக்கெட்டை...”

சைபுன்னிசா எழுந்து, அவர் முகத்துக்கு நேராகக் கிண்ணத்தை நீட்டி, ஒரே ஊது ஊதினாள். தினை உமி மொத்தமும் பறந்தது. தாடியில், மூக்குக்கண்ணாடியில், திறந்த வாயில். கிண்ணத்தின் அடியில் ஏழெட்டு மணிகள்கூட மிச்சமில்லை.

“தூ... தூ... ஹக்...” என்பதோடு பதிவு போய்ச் சேர்ந்தது.

“மணியைத் தின்னுட்டு உமியைக் கிண்ணத்துலயே போட்டு வச்சிருக்கு,” என்றாள். “அது உங்களைத் தேடிக் கத்தலைங்க. தினை தீந்துபோச்சுன்னு கத்துது.”

புதுத் தினையைக் கொட்டி உள்ளே வைத்தாள். நவாப் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிண்ணத்தில் தலையை விட்டு, ஒவ்வொரு மணியாக எடுத்து, அலகில் உருட்டி உடைத்து, உமியை லாவகமாக உதறிவிட்டுத் தின்றது. நேற்று பழகிய வேலை இல்லை அது. பக்கீர் முஹம்மதுவுக்கு வலித்தது. சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே வலித்தது. கையில் சிரிஞ்சு இல்லாமல் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்.

போன் அடித்தது. “அத்தா, என்னாச்சு? மெசேஜ்ல டிக்கெட்டைன்னதுக்கு அப்புறம் ஒரே இருமலா கேக்குது” என்றாள் ஷஹானா.

சைபுன்னிசா போனை வாங்கினாள். “ஒண்ணுமில்லம்மா. உங்க அத்தா வாயில உமி பூந்துடுச்சு. நாங்க வர்றோம்.” சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

புதன்கிழமை காலை கூண்டை வாங்கிப் போகக் குப்பம்மாள் வந்தாள். நாற்பது வருடமாக அடுப்பு ஊதுகிறவள், முறம் பிடிக்கிறவள். பக்கீர் முஹம்மது அவளை உட்காரவைத்தார்.

“குப்பம்மா, நல்லா கவனி. கிண்ணம் நிறைஞ்ச மாதிரி இருக்கும், ஏமாந்துடாத. தெனம் ஊதிப் பாக்கணும். எல்லாருக்கும் அது வராது. லேசா, இடது பக்கமா ஊதணும், அது ஒரு பக்குவம். இரு, எப்படி ஊதறதுன்னு நான் காட்டுறேன்.”

“காட்டுங்க பாய்” என்று குப்பம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் பெரியப்பாவும் உங்கள் ஆபீஸ் மேனேஜரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். வரட்டும். ஆனால் ஒன்று. இதைப் படித்து முடித்ததும் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு, “இங்க வந்து உக்காரு, நான் படிச்சுக் காட்டுறேன், நான் படிச்சாதான் உனக்குப் புரியும்” என்று சொல்ல உங்கள் வாய் துறுதுறுக்கிறதா? அவருக்கும் படிக்கத் தெரியும். புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போங்கள், பார்க்கலாம்.