கால் எலும்புக் கட்டி ஷார்ஜாவுக்குப் போகாத விவரம்

வெள்ளறடை,
வியாழன்.

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் சுந்தரதாஸுக்கு, உங்கள் மனைவி சத்தியபாய் பூரண சுகத்தோடும் ஒரு கட்டியோடும் எழுதுவது. நீங்களும் ஷார்ஜாவில் உங்கள் கைச்சமையலைத் தாங்குகிற அளவுக்குச் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நான் சிரிப்பேன், விஷயம் நடுவில் நின்றுவிடும். அதனால் சனிக்கிழமை லீவு முடிந்து அங்கே ஷார்ஜாவுக்குத் திரும்பும் அஜீஷிடம் மரச்சீனிக் கிழங்கு வற்றலோடு இதைக் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு முளை உண்டு. சின்னப் பிள்ளையிலேயே உண்டு. நீங்கள் கண்டதில்லை. கல்யாணம் கழிந்த இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் லீவுக்கு வந்த நாளெல்லாம் சேர்த்தாலும் மூன்று வருஷம் தேறாது, அதில் என் காலை எப்போது பார்ப்பீர்கள்? போன மாதம் அது ஆட்டுக்கூட்டில் இடித்து வலித்தது, டாக்டரிடம் போனேன், ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் வருமுன்னே நம்ம மகள் ஜீனா, "அம்மாவுக்கு எலும்பில் கட்டி" என்று சபையில் ஜெபச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஞானசிகாமணி அதை வாசித்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, சத்தியபாயை நீர் அழைக்கச் சித்தமானால் அவளை ஆயத்தப்படுத்தும்" என்று உருகிவிட்டார். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் இருமினேன். செவ்வாய்க்கிழமை பெண்கள் சங்கம் முழுதும் ஆரஞ்சோடு வந்தது. தலையில் துண்டு கட்டி, குனிந்து மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்த என்னைக் கூலிக்காரி என்று நினைத்து, "நோயாளி எந்த முறியில கெடக்கா மக்கா?" என்று கேட்டார்கள். "நோயாளி கை கழுவிட்டு வாறேன், இருங்க" என்றேன். வருவதற்குள் பரலோகம் போய்ச்சேருகிற பாட்டில் இரண்டு சரணம் முடித்துவிட்டார்கள். அவர்களில் யாரோதான் உங்களுக்குப் போன் செய்தது.

டாக்டர் நெய்யாற்றின்கரை ஊர் மலையாளத்துப் பிள்ளை, ஜீனா வயசு. "பேடிக்கண்டா சேச்சி" என்று, பயப்படாமல் இருக்கச் சொல்லிப் படம் வரைந்து காட்டியது. கட்டி எதை உண்டாக்குகிறது என்று முதலில் பிரிப்பார்களாம். சிலது எலும்பை உண்டாக்கும், சிலது குருத்தெலும்பை. சிலது ஒன்றும் உண்டாக்காமல் இருக்கிற எலும்பைத் தின்னும். உங்கள் தம்பி ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. அப்புறம் குணம் பார்த்து மூன்று. ஒன்று இருந்த இடத்தில் சும்மா இருக்கும். ஒன்று அங்கேயே நின்று அக்கம்பக்கத்தை அரிக்கும். மூன்றாவது இரத்தத்தில் ஏறி வேற இடம் போய் அங்கே குடியேறும், அதுதான் பொல்லாதது.

"மூணாவது வகை எனக்க வீட்டுக்காரராக்கும் டாக்டரே, ஷார்ஜாவில உண்டு" என்றேன். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது.

என்னுடையது முதல் வகை. எலும்பு முளை, அதன்மேல் குருத்தெலும்பில் ஒரு தொப்பி. தொப்பி மெல்லிசு, அதனால் பயமில்லை, அவசரமும் இல்லை, வலித்தால் எடுத்துப்போடலாம் என்றது.

ஸ்கேனுக்கு மட்டும் உங்கள் பேர் போட்ட மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். சோப்புப் போட்டும் வரமாட்டேன் என்று நின்றது. கடைசியில் கழன்றது, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. விரலில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது, ஸ்கேன் குழாய்க்குள் அதைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

ஆபரேஷன் வரும் பன்னிரண்டாம் தேதி. நீங்கள் லீவு கேட்டு யார் முன்னும் நிற்கவேண்டாம். ஜீனா இருக்கிறாள், ஆரஞ்சு இருக்கிறது. கட்டிலில் உங்கள் பக்கத்தில் துணி மடித்து வைத்திருக்கிறேன், இடம் வீணாகவில்லை. வரவேண்டாம், உறுதியாக வரவேண்டாம்.

சபையார் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நீங்கள் கிரேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் கர்த்தர் ஏணியைப் பிடித்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
சத்தியபாய்

பின்குறிப்பு: பன்னிரண்டாம் தேதி வேண்டாம், உங்கள் லீவு தொடங்குகிற மே மாதத்துக்குத் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். "அத்தற நாள் எந்தினா சேச்சி?" என்று, அவ்வளவு நாள் எதற்கு என்று டாக்டர் கேட்டது. "இது எங்கயும் போவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? போற வகை வரட்டும்" என்றேன்.