பேகம் விட்ட மூச்சு

திருவொற்றியூர்க் கடற்கரைச் சாலையில், அலைக்குத் தடுப்பாகப் பாறாங்கல் கொட்டிய இடத்துக்கு எதிரே போட்டிருந்த பந்தலில் அன்று காலை இருந்தவர்கள் வருமாறு: பிரிவு அலுவலர் திருமுருகன், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள உதவியாளர்கள் நான்கு பேர், கால்நடை மருத்துவர் மோகனப்ரியா, வாகனப் புகைப் பரிசோதனை செய்யும் அபின், பந்தல்காரர்கள் இரண்டு பேர், மைக் செட்காரர் ஒருவர், பொங்கல் பொட்டலம் கட்ட மூன்று பேர், படம் பிடிக்க இரண்டு பேர், பூங்கொத்தைக் கொடுக்கும் நேரம் வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நிற்க ஒருவர், குதிரைக்குச் சொந்தக்காரி உமைமா, குதிரையை ஓட்டும் அவளுடைய தம்பி ஜுபைர். ஆகப் பதினெட்டுப் பேர். குதிரை ஒன்று.

‘உழைக்கும் குதிரைகளுக்கும் அவற்றில் ஊர்வோருக்கும் மாபெரும் நல்வாழ்வு முகாம்’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். குதிரைகள் என்று பன்மையில் எழுதிவிட்டதால், இன்னொன்றாவது வரட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. வந்த குதிரையையே இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம் என்று எடுத்துக் குறையைத் தீர்த்தார்கள்.

குதிரையின் பெயர் பேகம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமப்பாள். முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளைகளைச் சுமப்பாள். மணலியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையோடு நின்றாளே, அன்று பிடித்தது இருமல். மாப்பிள்ளைக்கும் பிடித்தது, அவரைக் கவனிக்கப் பெண் வீட்டார் இருந்தார்கள். பேகத்துக்கு உமைமா மட்டும்தான்.

உமைமா நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கிறவள் அல்ல. ஆனாலும் வந்திருந்தாள். அவளுக்கு வேண்டியவை இரண்டு: பேகத்துக்கு இருமல் மருந்து, ஒரு மாதம் குதிரையை வேலைக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று மருத்துவர் கைப்பட ஒரு சீட்டு. அடுத்த முகூர்த்தத்துக்கு ஜுபைர் வாக்குக் கொடுத்துவிட்டான். “டாக்டரம்மா எய்திக் குடுத்தா பார்ட்டிகிட்ட காட்டிடுவேன்க்கா. நீ சொல்றேன்னு சொன்னா சிரிப்பானுங்கோ” என்றான்.

மோகனப்ரியா பேகத்தின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். “சளி நல்லா கட்டியிருக்கும்மா. மருந்து எழுதறேன். ஓய்வும் கண்டிப்பா வேணும்” என்று பேனாவைத் திறந்தார்.

“டாக்டர், ஒரு நிமிடம்” என்றார் திருமுருகன். “இந்தக் குதிரை கட்டணம் பெற்றுக்கொண்டு ஆள் ஏற்றுகிறதா?”

“ஏத்துது சார்” என்றான் ஜுபைர், பெருமையாக. “கொயந்திக்கி ஒரு ரேட்டு, மாப்ளைக்கி ஒரு ரேட்டு.”

“அப்படியானால் வழிகாட்டு நெறிமுறைகளின்படி இது பயணிகள் வாகனம். வாகனத்துக்கு முதலில் புகைச் சான்று. அதன் பிறகே நல்வாழ்வு.”

அபினை எதற்கு அழைத்திருக்கிறார்கள் என்று அபினுக்கே அப்போதுதான் தெரிந்தது. தண்டையார்பேட்டையில் ஆட்டோக்களுக்கும் பைக்குகளுக்கும் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“சார், வண்டின்னா சைலன்சர்ல சொருவுவேன். இதுக்கு எங்க சார் வெக்கறது?”

“வாகனத்தில் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கும்?”

“பின்னாடி சார்.”

“பிறகென்ன கேள்வி?”

அபின் பேகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தான். பேகம் கழுத்தைத் திருப்பி அபினைப் பார்த்தாள். “நைனா, ஒதச்சிடுவா” என்றான் ஜுபைர். பேகம் ஒரு காலைத் தூக்கி வைத்தாள், அவ்வளவுதான்.

“முன்புறமும் ஏற்கத்தக்கதே” என்று திருமுருகன் ஆணையிட்டார். நான்கு உதவியாளர்களும் குறித்துக்கொண்டார்கள்.

கருவியை முதலில் வெறும் காற்றில் பிடித்து, முள் சைபருக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கு ஆலைகள் பக்கமிருந்து காற்று. முள் நாற்பத்தொன்றில் போய் நின்றது. அபின் கருவியை ஒரு தட்டுத் தட்டினான். நாற்பத்தொன்று. சரி, இருக்கட்டும் என்று பேகத்தின் மூக்கருகே பிடித்தான். முப்பத்து மூன்று.

“சார், குதிர பாஸு” என்றான் அபின். “ஊர்தான் பெயிலு.”

பொங்கல் கட்டுகிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, உடனே கரண்டியைக் கீழே போட்டுவிட்டதுபோலக் குனிந்துகொண்டார்.

“ஊருக்கு யாரும் இங்கே சான்று கேட்கவில்லை. குதிரையை மட்டும் சொல்லுங்கள்.”

“நாப்பத்தொண்ண உள்ள இய்க்குது சார். முப்பத்திமூண வெளிய வுடுது.”

“மீதி எட்டு எங்கே?”

உமைமாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “உள்ளதான் கீது. அதான் இருமிக்கினு கீறா.”

நோயை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மோகனப்ரியாவும் தலையாட்டினார். ஆனால் திருமுருகன் முகத்தில் வேறொரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது.

“ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! மின்சாரம் இல்லை, வடிகட்டி இல்லை! டாக்டர், பேனாவை மூடுங்கள். இது வாகனமே அல்ல. நடமாடும் காற்றுச் சுத்திகரிப்பு நிலையம்.”

“சார், இது குதிரை.”

“தோற்றத்தில்.”

“இதுக்கு மருந்து குடுக்கணும் சார்.”

“நிலையத்துக்கு மருந்து கொடுக்க நமக்கு அதிகாரம் கிடையாது. பழுது பார்ப்பது வேறு பிரிவு.”

“ஓய்வாவது?”

“நிலையத்தை நிறுத்துவதா? பொதுமக்கள் நலனைச் சற்று எண்ணிப் பாருங்கள்.”

பூங்கொத்தைப் பேகத்துக்கு வழங்கினார்கள். பேகம் அதைத் தின்றாள். முகாமில் குதிரைக்குக் கிடைத்த நல்வாழ்வு அது ஒன்றுதான்.

ஒரு மனுவுக்குப் பதில் வர ஒரு வருஷமாகிற அலுவலகத்திலிருந்து இந்த ஆணை மூன்றே நாளில் வந்தது. பேகத்தை அலுவலக வாசலில் தகரக் கூரை போட்டுக் கட்டினார்கள். கொள்ளுத் தீனியை எரிபொருள் கணக்கில் எழுதினார்கள். ஜுபைரின் சட்டையில் ‘நிலைய இயக்குநர்’ என்று பட்டை குத்தினார்கள். அந்தப் பட்டையை வாங்கிக்கொண்டவன் முகூர்த்தத்தையே மறந்துவிட்டான்.

“அக்கா, நா டைரக்டர் ஆய்ட்டேன்!”

“இன்னாடா டைரக்டரு? லத்தி அள்றதுக்கா?”

“அதுக்குப் பேரு கயிவு மேலாண்மைக்கா.”

பிறகு மகிமா வந்தாள். புது அடுக்குமாடியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவள். பாய் விரித்துப் பேகத்தின் மூக்குக்கு நேரே உட்கார்ந்து, கண்ணை மூடி, போனைத் திறந்து, “பேகம் விடறதை மட்டும் இழுங்க. பக்கத்துல இருக்கறதை இழுத்துடாதீங்க. ரெண்டே வாரத்துல உள்ளுக்குள்ள ஒரு அமைதி வரும்” என்றாள். அந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. மறுநாள் பத்துப் பாய்கள். அதற்கு மறுநாள் டோக்கன்.

டீக்கடையில் உட்கார்ந்து, “மாமு, குதிர வுட்ட மூச்சுக்கு க்யூவாம்டா” என்று சிரித்தவர்கள் எல்லாரும் ஒரு வாரம் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவர்களும் வரிசையில் நின்றார்கள். காசிமேட்டு மீன்காரிகள், டேங்கர் ஓட்டுகிறவர்கள், குடோன் ஆட்கள். இழுப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மங்கை என்கிற பெண் விடியுமுன்னே வந்து முதல் ஆளாக நிற்பாள். மற்றவர்களை வாய்க்குள் திட்டிய உமைமாவால் அவளை மட்டும் திட்ட முடியவில்லை.

பேகத்துக்கு இருமல் முற்றியது. ஒவ்வொரு இருமலுக்கும் வரிசை கைதட்டியது. “இன்னிக்கு நல்லா வேலை செய்யுது” என்று சொல்லிக்கொண்டார்கள். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. இப்படியே விட்டால் குதிரை தங்காது என்று மோகனப்ரியா உமைமாவிடம் மட்டும் சொன்னார்.

உமைமா அலுவலகத்துக்குள் போனாள்.

“சார், அவள அவுத்து வுட்டுடுங்கோ. செத்துடுவா சார்.”

“அம்மா, உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறேன். சமமான மாற்று ஏற்பாடு இருந்தால் பரிசீலிக்கலாம்” என்றார் திருமுருகன். இல்லாததைக் கேட்டால் கேட்கிறவர்கள் போய்விடுவார்கள் என்பது அவர் அனுபவம்.

உமைமா போகவில்லை. நேரே போய் அபினைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். வரிசை முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, திருமுருகனுக்கு எதிரே நின்று, “அபினு, அந்தக் கொயாய என் மூக்குல வையி” என்றாள்.

வெறும் காற்று, நாற்பத்தொன்று. உமைமா விட்ட மூச்சு, முப்பத்தேழு.

“நாலு சார்” என்றாள் உமைமா. “அவ எட்டு, நா நாலு. மூச்சு வுடற எல்லாருக்கும் இப்டித்தான் சார் உள்ள தங்கும். இதுல குதிர இன்னா அதிசயம்? என்ன மாரி ரெண்டு பேர நிக்க வெச்சா ஒரு குதிர ஆச்சு. அவள வுட்டுடுங்கோ.”

அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். திருமுருகன் நாற்காலியை விட்டு எழுந்தார். “இரண்டு பேருக்கு ஒரு குதிரை!” என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

அதற்குள் வரிசை குலைந்துவிட்டது. “எனக்கு வை”, “ஏ, நா மின்னாடி வந்தேன்” என்று எல்லாரும் மூக்கை நீட்டினார்கள். டேங்கர் ஓட்டுநர் ஒருவருக்கு ஆறு வந்தது. தோளில் தூக்கி ஆடினார்கள். குளிர்சாதன அறையிலேயே இருக்கிற மகிமாவுக்கு ஒன்றுதான் வந்தது. “மெஷின் சரியில்ல, இன்னொரு தடவை வைங்க” என்று கெஞ்சினாள். திருமுருகனுக்கு மூன்று; கோப்பில் ஒன்பது. மங்கையின் பிள்ளைக்கு ஐந்து வந்தது. “இந்த வயசுலயே அஞ்சா!” என்று கூட்டம் கைதட்டியது. மங்கை பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா என்று தெரியாமல், பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

‘காற்றுச் சுத்திகரிப்பு நிலையம் (மனித வகை)’ என்று சான்றும், நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வில்லையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை வீடு வீடாக முகாம் நடந்தது. வில்லை இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறார்கள் என்றுகூடப் பேச்சு வந்தது. உமைமாவுக்குக் கொடுத்ததை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பேகத்தைத் தேவைக்கு மேற்பட்ட நிலையம் என்று அறிவித்து, ‘இனி மேற்படியாளைக் குதிரையாகவே கருதலாம்’ என்று ஆணையிட்டு அவிழ்த்துவிட்டார்கள். அன்றைக்கே மோகனப்ரியா மருந்தும் சீட்டும் கொடுத்தார். பேகம் வீட்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்று தின்றாள், தூங்கினாள், தேறினாள். பட்டை போன ஜுபைர் மட்டும் கொஞ்ச நாள் துக்கமாக இருந்தான்.

மழைக்காலம் முடிந்ததும் புகை மறுபடி தாழ்வாக இறங்கியது. ஊரார் கூடி மனுக் கொடுத்தார்கள். பதில் இப்படி வந்தது: ‘தங்கள் பகுதியில் போதுமான அளவுக்கும் மேலாகச் சுத்திகரிப்பு நிலையங்கள் சிறப்பாக இயங்கி வருவதால், நடவடிக்கை தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. மேலும் இரண்டு புகைபோக்கிகளுக்கு அங்கே இடமிருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது.’

உமைமாவுக்கும் இருமல் வந்தது. சுகாதார நிலையத்துக்குப் போனாள். வரிசையிலிருந்து மங்கை பிள்ளையோடு திரும்பி எதிரே வந்துகொண்டிருந்தாள். “போவாதக்கா. நெலையத்துக்கெல்லாம் இங்க மருந்து இல்லியாம். பழுது பாக்கற எடத்துக்குப் போவணுமாம்.”

“அது எங்க கீதாம்?”

“அவங்களுக்கும் தெரிலக்கா.”

உமைமா மங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மோகனப்ரியாவிடம் போனாள். “டாக்டரம்மா, பேகத்துக்குக் குடுத்தீங்களே, அதுல எனக்கும் இந்தப் புள்ளைக்கும் ரெண்டு மொடக்கு ஊத்திக் குடுங்கோ.”

மோகனப்ரியாவின் வெள்ளைக் கோட்டிலும் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இருமிவிட்டுச் சொன்னார்:

“மருந்து உயிர் இருக்கறதுக்குத்தான் குடுக்கலாம்மா. ராயபுரத்துலேருந்து எண்ணூர் வரைக்கும் நிலையத்தையெல்லாம் கழிச்சா, உயிர்னு மீதி ஒண்ணுதான்.”