மூன்று முறை குறுக்கே போன சிப்பாய்

என் கல்யாணம் பெரியவர்கள் பார்த்து நிச்சயம் செய்தது என்றுதான் இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறேன். அது முழுப் பொய். நிச்சயம் செய்தது ஒரு பூனைக்குட்டியும் ஒரு குளவியும். நடுவில் புகுந்து எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தது நான்.

அது யுத்த காலம். கீரமங்கலத்தில் எங்கள் பூந்தோட்டத்துக்குள்ளேயே வீடு. நான் வளர்த்த குட்டி காக்கி நிறமாக இருந்ததால் அதற்குச் சிப்பாய் என்று பெயர் வைத்திருந்தேன். சிப்பாயின் சண்டையெல்லாம் பூச்சிகளோடுதான். தட்டானைப் பிடிக்க எம்பிக் கனகாம்பரப் பாத்தியில் தலைகுப்புற விழும். கட்டெறும்பை முகர்ந்து மூக்கில் கடி வாங்கும். மறுநாளும் அதே இடத்துக்குப் போய் முகரும். கும்பிடுபூச்சி கைகூப்பி நின்றால் தனக்குத்தான் மரியாதை என்று எதிரே உட்கார்ந்துகொள்ளும். (எனக்கும் அந்த வயதில் அவ்வளவுதான் புத்தி.)

அதற்கு முன் இரண்டு இடத்தார் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இருவரிடமிருந்தும் தகவல் இல்லை. மூன்றாவது ஆவுடையார்கோவில் இடம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனி யாரைப் போய்க் கேக்குறதுன்னு தெரியல" என்று அப்பா ஆத்தாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆத்தா எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள். "மாப்பிள்ளையோட தாய்மாமன் சகுனம் பாக்குறவராம். பூனையைப் பஞ்சாரத்துக்குள்ள விட்டுக் கவுத்துரு. ஒனக்கு இன்னிக்கு அது ஒண்ணுதான் வேலை."

கோழி அடைக்கும் அந்தக் கூடைக்குள் சிப்பாயை வைத்துக் கவிழ்த்தேன். அது அழுதது. கொஞ்சம் காற்று வரட்டுமே என்று ஓரத்தில் ஒரு கல்லைக் கொடுத்துத் தூக்கி வைத்தேன். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது கல் இருந்தது, கூடை இருந்தது, சிப்பாய் இல்லை.

வண்டி வேலியோரம் நின்றது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் தோட்டத்துப் பாதையில் நடந்து வந்தார்கள். பாதி வழியில் ஒரு தட்டான் பறந்தது, அதன் பின்னால் சிப்பாய் பறந்தது, இடமிருந்து வலமாக.

மாமா நின்றுவிட்டார். "பூனை குறுக்க போயிருச்சு. செத்த ஒக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போவம்."

பூவரச மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அப்பா செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினார். குடித்தார்கள், எழுந்தார்கள், நாலு எட்டு வைத்தார்கள். வெட்டுக்கிளி ஒன்று தாவியது. சிப்பாய் வலமிருந்து இடமாகப் போனது. மறுபடியும் மரத்தடி, மறுபடியும் செம்பு.

"இன்னொரு தடவை போச்சுன்னா வண்டியைத் திருப்பிற வேண்டியதுதான்" என்றார் மாமா. அது ஜன்னலில் நின்ற எனக்கே கேட்டது.

கூப்பிடும் முன் பெண் வெளியே தலை காட்டக் கூடாது. ஆனால் கல்லை வைத்தவள் நானல்லவா? கொல்லை வழியாக நழுவி, கட்டியிருந்த ஆத்தாவின் கல்யாணப் பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கத்தரிப் பாத்திக்குள் குனிந்து குனிந்து போனேன். சிப்பாய் செம்பருத்திச் செடியடியில் எதையோ காலால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். அது தட்டிக்கொண்டிருந்தது குளவி.

கொட்டு வாங்கிய சிப்பாய் வீறிட்டுப் பாதையைக் கடந்தது. பின்னாலேயே நானும் கடந்தேன், பாதிதான். மீதிக்கு வாய்க்கால் தடுக்கிவிட்டது. சேற்றிலிருந்து எழுந்து பார்த்தால் எதிரே மாப்பிள்ளை வீட்டார் மூவரும் வரிசையாக நின்றார்கள். (முந்தானையில் ஒரு தவளை இருந்ததாக மாப்பிள்ளை இன்றும் சொல்கிறார். நான் ஒப்புக்கொண்டதில்லை.)

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை குனிந்து, பாதையோரம் சுருண்டு கிடந்த சிப்பாயைத் தூக்கினார். அதன் மூஞ்சி ஒரு பக்கம் பணியாரமாக வீங்கியிருந்தது.

"மாமா, வெத்தலைப் பையில சுண்ணாம்பு இருக்குல்ல? கொஞ்சம் கொடுங்க."

கொட்டிய இடத்தில் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "நக்கிறாமப் பிடிச்சுக்கங்க" என்றார். என் புருஷன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சேற்றுக் கையோடு பிடித்துக்கொண்டேன்.

"சகுனம் ஆகலையேப்பா" என்று இழுத்தார் மாமா.

"பூனைக்குத்தான் மாமா ஆகல. நம்ம மூஞ்சில முழிச்சு அதுக்குல்ல கொட்டு விழுந்திருக்கு."

மாமா என்னைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். வீடு வரை போகாமலே பெண்ணைப் பார்த்தாகிவிட்டது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "பூனை போன பாதையைத் தாண்டுனாத்தானே தோசம்? நாம இன்னும் தாண்டவே இல்லையே. வெத்தலைத் தட்டை இங்கிட்டே கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

பூவரச மரத்தடியிலேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அப்பா துண்டால் முகத்தை மூடி அழுதார். பூச்சி விழுந்துவிட்டதாம் கண்ணில். அந்தக் குளவிக்கும், சகுனத்தை வளைக்கத் தெரிந்த அந்த மாமாவுக்கும், முதலில் பூனைக்கு மருந்து போட்ட அந்த மனிதருக்கும் நான் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன். ஒரு நாளும் அவர் என் சேற்றைப் பார்த்து முகம் சுளித்ததில்லை.

போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம், பையன் பணிவாக உட்கார்ந்திருந்தான். எல்லாருக்கும் திருப்தி. இவர் மட்டும் என் காதருகே குனிந்து கவலையோடு கேட்டார்:

"பூனையைக் காணோமே, எப்படி முடிவு பண்றது?"