கார்புரேட்டர் காத்த மானம்

இப்போதெல்லாம் மனுஷன் சொன்னால் எவனும் நம்புவதில்லை. அதையே கம்ப்யூட்டர் சொன்னால் தலையாட்டுகிறார்கள். லாரிக்காரருக்கு வயிற்றெரிச்சலே இதில்தான். முப்பத்திரண்டு வருடமாக ஒரே பெட்ரோல் லாரியை ஓட்டுகிற அவரிடம் பால் பண்ணை மேனேஜர் கேட்கிறார்:

"கார்புரேட்டரைக் கழட்டிட்டு கம்ப்யூட்டர் வச்ச ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டியாச்சா, பெரியவரே? இல்லன்னா சொல்லுங்க, மலைக்குப் பால் ஏத்த வேற வண்டி பார்த்துக்கறேன்."

காரணம் இருந்தது. மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் லாரி இரண்டு தடவை மூச்சு முட்டி நின்று, பாலெல்லாம் திரிந்துபோனது. இந்த வேலையும் போனால் லாரி நேரே காயலான் கடைக்குத்தான்.

மெக்கானிக்கான மகளும் ஒரு வருடமாக இதே பல்லவி. "மேல போகப் போகக் காத்து குறையும்பா. உங்க கார்புரேட்டர் அப்பவும் அதே அளவு பெட்ரோலை விடும். இன்ஜெக்‌ஷன்னா காத்தைப் பார்த்து கம்ப்யூட்டரே பெட்ரோலையும் குறைச்சுக்கும்."

"எஞ்சின் சத்தத்துல என் காதுக்குத் தெரியாததா அதுக்குத் தெரிஞ்சிடும்? என் கார்புரேட்டர் மேல கைய வச்சே, உன் பட்டறைப் பக்கமே வரமாட்டேன்."

அதற்குள் அவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதம் குனியக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார்கள். அந்த ஒரு மாதமும் மகளின் பட்டறையில் நின்ற லாரி இன்றுதான் வெளியே வந்திருந்தது. அதையும் பால் பண்ணை வரைக்கும் மகளே ஓட்டிவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"மாட்டியாச்சு சார்," என்றார் லாரிக்காரர். முழுப் பொய்.

"அப்படியா? நானும் கூட வர்றேன், பார்த்துடலாம்." மேனேஜர் ஏறிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பழக்கதோஷம், கார்புரேட்டர் வண்டியைக் கிளப்ப இழுக்கிற சோக்கை நோக்கி லாரிக்காரர் கை போனது.

"அது எதுக்கு இப்போ? சாவியத் திருப்பினாலே போதும்னாங்களே."

"தூசி இருந்துது, துடைச்சேன்."

ஆக்சிலேட்டரை மூன்று தடவை மிதிக்காமல் அந்த லாரி என்றைக்கு எழுந்திருக்கிறது? காலை மடக்கி வைத்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். தொட்டதும் எழுந்தது எஞ்சின். இருமல் இல்லை, உதறல் இல்லை. இவருக்கு உடம்பே சிலிர்த்தது. இரும்புக்கும் ஒரு மாத ஓய்வு வேண்டியிருக்கிறது!

"பானெட்டைத் திறங்க, பார்க்கலாம்," என்றார் மேனேஜர்.

"ஐயோ, திறக்கவே கூடாது சார். தூசி போனா கம்ப்யூட்டர் கெட்டுப்போயிடும்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்த மூணாவது வளைவுல நிறுத்தி, மறுபடி எடுத்துக் காட்டுங்க."

பானெட்டையே திறந்து காட்டியிருக்கலாமோ என்று தோன்றியது லாரிக்காரருக்கு.

வளைவில் நிறுத்தினார். பின்னால் நாற்பது கேன் பால். முன்னால் சுவர் மாதிரி ஏற்றம். 'இத்தனை வருஷம் உன்னைத் துடைச்சு வச்சவன் நான், இன்னிக்கு மட்டும் காலை வாரிடாதே' என்று மனசுக்குள் கார்புரேட்டரைக் கெஞ்சிக்கொண்டே சாவியைத் திருப்பினார்.

வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறியது லாரி. பெட்ரோல் நாற்றமில்லை, கரும்புகை இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அது இப்படி ஏறி அவர் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

"என்ன இருந்தாலும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்தான்," என்றார் மேனேஜர்.

தன் கார்புரேட்டரின் பெருமை கண்ணெதிரே அடுத்தவனுக்குப் போனது. லாரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

உச்சியில் நாற்பது கேனும் நல்லபடியாக இறங்கின. "இனிமே நீங்கதான்," என்று கைகொடுத்தார் மேனேஜர்.

அவரைப் பண்ணையில் இறக்கிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தார் லாரிக்காரர். அடக்கிவைத்ததெல்லாம் கொட்டியது.

"உன் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை மாட்டியாச்சுன்னு அந்த ஆளுகிட்டப் பொய் சொன்னேன்மா. என் கார்புரேட்டர் மானத்தைக் காப்பாத்திடுச்சு. இனிமே அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுவியா?"

மகள் தலை நிமிராமல் ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே முடுக்கிய நட்டு.

மூலையில் வேலையாக இருந்த வெல்டர் முகமூடியைத் தூக்கினார். "பொய்யா? என்னண்ணே சொல்றீங்க, நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே கார்புரேட்டரைக் கழட்டிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டியாச்சே. கம்ப்யூட்டரோட சென்சார் மாட்டறதுக்கு சைலன்சர் குழாயில ஓட்டை போட்டுப் பத்தவச்சதே நான்தான்."

லாரிக்காரர் வெல்டரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"பானெட்டைத் திறந்து பாருங்கப்பா," என்றாள் மகள்.

"எதுக்கு? ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றவர், லாரிப் பக்கம் திரும்பாமலே நடையைக் கட்டினார்.