பணியாரச் சட்டியில் ஒரு குழி காலி

மூக்குக்குள் போன கொண்டைக்கடலை முளைக்கும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். பாதித் தலை நரைத்தவன், பி.காம். படித்தவன், சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், அப்படியும் நம்பினேன். மூக்கின் ஈரத்தில் கடலை ஊறி, தோல் வெடித்து, வேர் விட்டு, என் மகன் கவினின் நாசியிலிருந்து இரண்டு இலை எட்டிப் பார்ப்பதை மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பது வரைக்கும் யோசனை போய்விட்டது.

ஒரு படித்த மனிதனை ஒரே மத்தியானத்தில் இந்த நிலைக்குக் கொண்டுவரும் திறமை, பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. சாம்பிள் அண்ணாச்சி.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் தானியத் தரகர். சுற்றுவட்டாரக் காட்டில் விளைந்ததில் சாம்பிளுக்கு ஒரு பிடி வாங்கி வந்து, டவுன் கமிஷன் கடைகளில் காட்டி, விலை முடித்துக் கொடுப்பது தொழில். அதனால் உடம்பெல்லாம் பை. மேல் பையில் உளுந்து, உள் பையில் பாசிப்பயறு, இடுப்பு மடிப்பில் மல்லி. அவரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் ஒரு குடும்பம் ஒரு வாரம் குழம்பு வைக்கலாம். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தைத் தேடிக் கோழிகள் வரும்.

இந்த மனிதர் என் மகனுக்குக் கல்வி மந்திரி ஆனதற்குக் காரணம் ஒரு வீடியோ.

எனக்குக் கல்யாணம் லேட். பிள்ளை அதைவிட லேட். மனைவிக்குத் திருச்சுழியில் அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். வீட்டு முன்னறையிலேயே கடை என்பதால் பகலெல்லாம் கவின் என் பொறுப்பு. இரண்டரை வயது. அப்போதுதான் மனைவியோடு வேலை பார்க்கும் ஒரு புண்ணியவதி, தன் மகன் பதினோரு நிறங்களை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் வீடியோவை அனுப்பினாள். அவனுக்கும் அதே வயதுதான். நான் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், என் வாரிசு என் செருப்பை நக்கிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வீட்டிலிருந்தபடியே குழந்தையின் மூளையை வளர்ப்பது எப்படி என்று போனில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவில் ஒரு அம்மா சிரித்த முகமாகச் சொன்னார்: "ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். கிண்ணத்தால் மொண்டு ஊற்றட்டும். சிந்தினால் சிந்தட்டும்." அவர் எந்த ஆற்றங்கரையில் குடியிருக்கிறாரோ தெரியாது. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். நான் ஒரு குடத்தை எடுத்து நடுவீட்டில் வைத்தேன். கவின் அதை யாரோ ஒருவருடைய பத்திரப் பிரதியின் மேல் ஊற்றினான். சாயங்காலம் வந்த மனைவி, "குடிக்கிற தண்ணியவா?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அப்புறம் காலிக் குடத்தை என் கையில் திணித்துத் தெருக் குழாயைக் காட்டினாள்.

மறுநாள் எடைச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த அண்ணாச்சியிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"தண்ணிய வச்சா பிள்ளைக்கு வெளையாட்டுக் காட்டுறது? நாம என்ன தஞ்சாவூருலயா இருக்கோம்?" என்றார். "மொண்டு ஊத்தணும், அம்புட்டுத்தானே? சோளத்த மொண்டு ஊத்தட்டும். சிந்துனா கோழி தின்னுட்டுப் போகுது."

நல்ல யோசனை என்று தலையாட்டினேன். நான் செய்த தப்பு அது. அண்ணாச்சிக்கு யாராவது தலையாட்டினால் போதும், லோடு ஏற்றிவிடுவார். அடுத்த நாளிலிருந்து மத்தியானமானால் ஆஜர். "என்ன மொதலாளி, கடை தொறந்தாச்சா?" என்று என்னைத் தாண்டிப் போய்க் கவினிடம் கேட்பார்.

நிறம் கற்றுக்கொடுக்க வீடியோ அம்மா சிவப்புப் பந்து வைத்தார். அண்ணாச்சி மிளகாய் வத்தலைக் கொண்டு வந்தார்.

"ஐயோ அண்ணாச்சி, கண்ணுல வச்சிருவான்!"

"அதுக்குத்தான் கவர்ல போட்டு முடிஞ்சு கொண்டாந்திருக்கேன்ல? நான் என்ன கிறுக்கனா? இது என்ன கலருய்யா, சொல்லு."

"சிவப்பு."

"எந்தச் செவப்பு?"

"மிளகாய்ச் சிவப்பு."

"குண்டு வத்தல் செவப்பு வேற, சம்பா வத்தல் செவப்பு வேற. போன வருசத்துச் சரக்கு இன்னொரு செவப்பு. பொத்தாம்பொதுவா செவப்புன்னு சொல்லிக்குடுத்தா, நாளைக்கு மார்க்கெட்டுல பிள்ளைய ஏமாத்திருவாங்ய." பாடம் கவினுக்கு; ஃபெயில் ஆனது நான்.

எண்கள் அடுத்து. பழைய வியாபாரிகள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதையே கணக்குப் பாடமாக்கினார். தோள் துண்டை விரித்து, அதற்குள் இவர் விரலை நீட்டி, "பிடிங்க மொதலாளி, ரெண்டுன்னா ரெண்டு விரலு" என்றார். கவின் பிடிக்கவில்லை. கடித்தான். "ஆத்தீ! இவன் கமிஷன் கடை வச்சா வெள்ளாமை பண்ற ஒரு சம்சாரி தப்பிக்க மாட்டான்" என்று விரலை ஊதிக்கொண்டே பாராட்டினார்.

நானும் சும்மா இருக்கவில்லை. உடல் உறுப்புகளை நானே நேரடியாக எடுத்துக்கொண்டேன். "மூக்கு எங்க?" என்றால் கவின் மூக்கைத் தொட வேண்டும், தொட்டதும் எல்லோரும் கைதட்ட வேண்டும். கடைக்கு வரும் எவரையும் நான் விட்டுவைக்கவில்லை. "காது எங்கடா கண்ணு?" என்று கேட்டுக் கைதட்டினால்தான் ஆதார் நகல் கையில் கிடைக்கும். சில பேர் கொஞ்ச தூரம் நடந்து அடுத்த கடைக்குப் போகத் தொடங்கினார்கள். கல்விக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணாச்சி ஒரு பை கொண்டைக்கடலையோடு வந்தார். வீடியோவில் அந்த அம்மா குழி குழியாக என்னவோ ஒரு கேக் தட்டைக் காட்டியிருந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் பணியாரச் சட்டி. குழிக்கு ஒரு கடலை போட வேண்டும். விரல் பழகும், எண்ணும் பழகும். கவின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டு முடித்து, தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, போனில் யாரிடமோ மல்லி விலை பேசிக்கொண்டிருந்தார். மிச்சக் கடலையைப் பையோடு எடுத்து மேலே வைத்துவிட்டு, ஆதார் நகல் எடுக்க வந்த ஒரு அக்காவைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு குழி காலி.

தரையில் இல்லை. பாய்க்கு அடியில் இல்லை. அண்ணாச்சியின் வேட்டியை உதறச் சொன்னேன். உளுந்து விழுந்தது, கடலை விழவில்லை.

"ஏலே, கடலைய எங்கடா? வாயிலயா?" என்றேன். கவின் வாயைத் தொட்டான். திறந்து பார்த்தேன். நாக்கும் பல்லும் மட்டும்.

"முழுங்கல போலய்யா. மூக்குலயா மொதலாளி?" என்றார் அண்ணாச்சி.

கவின் மூக்கைத் தொட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"காதுலயும் போட்டியாடா?" என்றேன். காதைத் தொட்டான். இருந்த ஒரு கடலை என் கண் முன்னாலேயே இரண்டாகிவிட்டது.

ஆதார் அக்கா திருச்சுழிக்கு அந்தப்பக்கத்துக் கிராமம். எட்டிப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்: "எங்க ஊருல இப்பிடித்தான் ஒரு பிள்ளை மூக்குல கம்பப் போட்டுக்கிருச்சு. யாரும் பாக்கல. மொளச்சு, கதிரு வாங்கிருச்சுண்ணே."

"கதிரா?"

"பின்ன? அறுத்துத்தான் எடுத்தாக."

அண்ணாச்சி மட்டுமாவது ஆறுதல் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "இது நல்ல மொரட்டுக் கடலைய்யா. ஊறுனா ரெண்டு மடங்கு ஆகும்" என்றார். அந்த நிலைமையிலும் சரக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் மனைவிக்குப் போன் போட்டேன்.

"கவின் மூக்குல கொண்டைக்கடலை..."

"மூச்சு விடுறானா?"

"விடுறான். சிரிக்கிறான்."

"ரெண்டு ஆம்பளைங்க கூட இருந்து என்னதாங்க பண்ணுனீங்க?"

"ஆக்டிவிட்டி."

லைன் கட்டாயிற்று. அவள் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். அவள் வருவதற்குள் கடலை வெளியே வந்தாக வேண்டும். மடியில் கவினை வைத்திருந்த அண்ணாச்சி, பாளையம்பட்டி தாண்டும்வரை எந்த டாக்டர் ராசியானவர் என்று பேசிக்கொண்டே வந்தார். டவுனில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்போது பேச்சு நின்றுவிட்டது. சாம்பிள் அண்ணாச்சி பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. விஷயம் கைமீறிவிட்டது என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு அம்மா. டோக்கன் வாங்கி, மனைவிக்கு ஆஸ்பத்திரிப் பெயரை மெசேஜ் போட்டு, எனக்கு முன்னால் இருமிக்கொண்டிருந்த எல்லோரையும் சபித்து, உள்ளே போனோம். கவின் என்னிடம் வராமல் அண்ணாச்சி மடியிலேயே உட்கார்ந்தான். டாக்டர் டார்ச் அடித்து ஒரு நாசியைப் பார்த்தார், மறு நாசியைப் பார்த்தார். காது இரண்டையும் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே. மூக்குல போட்டுட்டான்னு யாரு சொன்னா?"

"அவனே சொன்னான் மேடம். மூக்குன்னு தொட்டுக் காட்டினான். காதும் காட்டினான்."

டாக்டர் கவின் பக்கம் குனிந்தார். "மூக்கா?" தொட்டான். "காதா?" தொட்டான். "முழங்கால்?" முழங்காலைத் தொட்டான். யாரும் கைதட்டாததால் அவனே கைதட்டிக்கொண்டான்.

"முழங்கால்ல கடலை போயிருக்குமா சார்?"

நான் கவினின் முழங்காலை ஒரு தடவை தடவிப் பார்த்தேன்.

"நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க. பையன் கரெக்டா இருக்கான். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

வெளியே வந்தால், படியில் மனைவி மூச்சிரைக்க ஏறி வருகிறாள். பிள்ளையை வாங்கி மூக்கை, வாயை, காதை எல்லாம் ஒரு முறை தானும் சோதித்தாள். அப்புறம் எங்கள் இருவரையும் சுவரோரம் நிறுத்தினாள்.

"மூக்குல இல்ல, சரி. அப்ப கடலை எங்க?"

அண்ணாச்சி துண்டை எடுத்து முகம் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"தங்கச்சி... அத நாந்தான் தின்னுட்டேன்."

நான் வாயைப் பிளந்தேன்.

"எங்க தொழில்ல கையில சரக்கு வந்தா வாயில போட்டுக் கடிச்சுத்தாம்மா பாப்போம். டக்குன்னு ஒடைஞ்சாக் காய்ஞ்ச சரக்கு, அமுங்குனா ஈரம். போன் பேசிக்கிட்டே இருந்தேனா, கை அதுபாட்டுக்கு எடுத்து வாயில போட்டுருச்சு."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?" என்றாள் மனைவி.

"ஆட்டோ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பையில. பல் இடுக்குல தோலு தட்டுச்சு."

"அப்பவே சொல்லித் தொலைய வேண்டியதுதானே! டாக்டர் முன்னாடி என் மானம் போச்சே!" இது நான்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் ஒண்ணு தின்னேன், சரி. பிள்ளை கீழ கெடந்த இன்னொண்ண எடுத்து உள்ள விட்டிருந்தா? எனக்குத் தெரியாதேம்மா. டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும்னு பேசாம வந்தேன்."

மனைவி பிள்ளையைத் திரும்ப அவர் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனாள்.

நடந்தது இவ்வளவுதான்: கடலையை அண்ணாச்சி தின்றுவிட்டார். அது பாதி வழியிலேயே தெரிந்தும், டாக்டர் டார்ச்சை அணைக்கும்வரை என்னைவிட அதிகமாகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.