நடுங்கிக் கொத்தினால் பாஸ்

ஒரு காட்டில், கரண்டு வந்த புதிதில், பூரணி என்ற தூக்கணாங்குருவி கம்பி பின்னிக் கம்ப்யூட்டர் செய்து விற்றுவந்தாள். பெட்டிக்குள் தாளம் போட, கொண்டையப்பன் என்ற மரங்கொத்தியை வேலைக்கு வைத்திருந்தாள். அவன் ஒரு கொத்து கொத்தினால் உள்ளே இருக்கும் எறும்புகள் எல்லாம் சேர்ந்து ஓர் அடி வைக்கும். அப்படித்தான் பெட்டி ஓடும். நொடிக்கு ஆயிரம் கொத்து, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்தக் கர்வத்தில் அவனுக்குக் கழுத்தே திரும்பாது.

வந்தது வினை. கொத்துச் சத்தம் பெட்டியை விட்டுக் கசிந்து, எதிர்மரத்தில் தொங்கிய சடையன் என்ற வௌவாலின் காதில் போய் விழுந்தது. வௌவால் காதை வைத்துத்தான் வழி பார்க்கும், பாவம். ஒரே வாரத்தில் மூன்று தடவை புளியமரத்தில் முட்டிக்கொண்டு மனு எழுதிப் போட்டுவிட்டான்.

உடும்பு அதிகாரி மீட்டரோடு வந்தார். ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர் அது. எந்தச் சுருதியும் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கொண்டையப்பனின் சுருதியில் ஐம்பத்திரண்டு காட்டியது. திங்கட்கிழமைக்குள் குறையாவிட்டால் பெட்டிக்கு சீல், மரங்கொத்திக்குக் கல்தா என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பூரணி தகரமூடி போட்டாள். கம்பிகளைக் குட்டையாக வெட்டினாள். எர்த் அடித்தாள். நாற்பத்தைந்துக்கு வந்தது, அதற்குமேல் இம்மியும் இறங்கவில்லை. பொந்தில் நாலு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டிருக்க, கொண்டையப்பனுக்குத் தொண்டையில் புழு இறங்கவில்லை.

திங்கட்கிழமை உடும்பு மீட்டரை நீட்டியதும் அவனுக்கு இறக்கை, கால் எல்லாம் வெலவெலத்துவிட்டது. பயத்தில் கொத்து கொஞ்சம் வேகமாவதும் கொஞ்சம் மெதுவாவதுமாக, ஆயிரத்துக்கு ஐந்து பிசகிக்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் செய்த முதல் பிசகு. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"முப்பத்தெட்டு. பாஸ்," என்றார் உடும்பு.

பெட்டியும் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. எறும்புகள் கூடவே கொஞ்சம் முந்திப் பிந்தி நடந்துகொண்டன. கிடைத்த பாஸை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதானே? கொண்டையப்பன் யோக்கியன், கேட்டுவிட்டான்.

"ஐயா, அதே பலத்துலதானே கொத்தினேன், சத்தம் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலப்பா. ஒரே சுருதியில மொத்தமா விழுந்தது, இப்போ பல சுருதியில பிரிஞ்சு விழுது. என் மீட்டர் ஒண்ணொண்ணாத்தான் பார்க்கும். இனிமே இப்படியே நடுங்கு," என்று முத்திரை குத்திவிட்டுப் போனார்.

சடையன் முட்டிக்கொள்வது நின்றது, மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டான். அவன் காதுக்குப் போன சத்தம் நரி, மான், தவளை என்று காட்டுக் காதுகளுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கானது. எல்லோருக்கும் லேசான தலைவலி. நரி வெயில் என்றது. மான் தூக்கம் போதவில்லை என்றது. உடும்பு அதிகாரியே நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு, எல்லாம் பித்தம் என்று சொல்லித் திரிந்தார். லேசான தலைவலிக்கு எவன் மனு எழுதுவான்? பூரணி மனம் குளிர்ந்து, கொண்டையப்பனைத் தலைமை நடுங்குநராகப் பதவி உயர்த்தினாள்.

நீதி: நூறு கல்லையும் ஒருத்தர் தலையில் போட்டால் கேஸ்; நூறு பேர் தலையில் ஆளுக்கொன்றாகப் போட்டால் தரச்சான்றிதழ்.