ஆமினா ஸ்வெட்டரைக் கழற்றிய விவரம்

கொடைக்கானல்,
ஜனவரி 19, திங்கள் காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சினர் ஹபீப் அவர்களுக்கு, மலைமேல் கம்பளி வியாபாரம் செய்யும் உங்கள் அக்கா மாப்பிள்ளை அப்துல் குத்தூஸ் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் அக்கா ஆமினாவும் இங்கு நலம். பழனியில் தாங்களும், தங்கள் இல்லத்தாரும், பாத்திரக் கடையும், கல்லாப்பெட்டி மேல் படுத்திருக்கும் அந்தப் பூனையும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம்.

அக்கா போட்டுக்கொள்ளும் எடை குறைக்கும் ஊசியைத் தாங்களும் போட நினைப்பதாகவும், அக்காவைப் போலவே தங்களுக்கும் தைராய்டு மாத்திரை இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாட்ஸப்பிலேயே பதில் சொல்லியிருப்பேன். போன தடவை ஆமினாவின் எடையைப் பற்றி உங்களுக்கு மட்டும் பேசி அனுப்பியது குடும்ப குரூப்புக்குப் போய், அறுபத்து மூன்று பேர் கேட்டு, மூன்று நாள் எனக்கு வீட்டில் வெறும் ரசம். ஆகவே தபால்.

முதலில் ஊசி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அழகுக்கு இல்லை. முட்டி வலியும் எடையும் சேர்ந்துகொண்டதில் ஆறு வருஷமாக உங்கள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். நெற்றி தரையில் படவில்லையே என்கிற குறை அவளுக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், உங்களுக்குத்தான் தெரியுமே. தொழுது முடித்ததும் அந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளுவாள் பாருங்கள், அந்தச் சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிடும். அதனால்தான் திண்டுக்கல் போய் ஒரு டாக்டரைப் பார்த்து, வாரம் ஒரு ஊசி ஆரம்பித்தோம். எட்டு மாசத்துல பதினெட்டு கிலோ இறங்கிடுச்சு மாப்ள. பிரியாணி வச்சா நாலு வாய்தான், அஞ்சாவது வாய்க்குத் தட்டை என் பக்கம் தள்ளிடுவா. அவ இளைச்சா, நான் பெருத்தேன். அது வேற கதை.

ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு நாள் மதியம், லுஹர் தொழுகைக்கு நாற்காலியைத் தொடவே இல்லை. பாயை விரிச்சு, மெதுவா மண்டியிட்டு, தலையைத் தரையில வச்சா. எந்திரிக்கிறதுக்கு ரொம்ப நேரமாச்சு. முட்டி பிடிச்சுக்கிடுச்சோன்னு நான் பயந்துபோய் ஓடினா, அழுதுகிட்டிருக்கா. நானும் பக்கத்துல உக்காந்து அழுதேன். கடையில அன்னைக்கு யாவாரத்தையே மறந்துட்டோம்.

இது வரைக்கும் நல்ல சேதிதாங்க. அதுக்கப்புறம்தான் உங்க அக்கா ஸ்வெட்டரைக் கழட்டினா. கல்யாணமாகி இங்க வந்த நாள்லேருந்து சித்திரை வெயில்லகூட ரெண்டு ஸ்வெட்டர் போட்டு, காதுக்குத் துணி கட்டிக்கிட்டு, அதுக்கு மேல சால்வை போத்துறவ, கார்த்திகைக் குளிர்ல வெள்ளனே எந்திரிச்சு எல்லா சன்னலையும் திறந்து விட்டுட்டு "ஏங்க, இப்பிடிப் புழுங்குதே, ஒரு ஃபேன் வாங்கிப் போடக்கூடாதா"ங்கிறா. கொடைக்கானல்ல ஃபேனுக்கு எங்க போக? வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ல இறங்கிப் போய் ஒண்ணு வாங்கி, மடியில வச்சுக்கிட்டு மலையேறினேன். "என்ன பாய், மலை மேல ஃபேனா?"ன்னு பஸ்ல ஒருத்தர் விடாம விசாரிச்சாக. கடையிலயும் இதே கூத்துதான். சுத்தி அடுக்கின ஸ்வெட்டர், நடுவுல இவ பருத்திப் புடவையோட உக்காந்து அட்டைப்பெட்டி மூடியால விசிறிக்கிட்டிருக்கா. கோயமுத்தூர்லேருந்து வந்த குடும்பம் உள்ள நுழைஞ்சு, அவளைப் பாத்து, "இந்தம்மாவுக்கே குளிரலை, நமக்கெதுக்கு"ன்னு திரும்பிப் போச்சு. போனது எங்க? எதுத்த கம்பளிக் கடை குமரகுருகிட்ட!

எனக்குக் கோவத்தைவிட யோசனைதான் ஜாஸ்தி. ஏன் இவளுக்கு மட்டும் புழுங்குது? சுவத்துல மாட்டுற வெப்பமானி ஒண்ணு வாங்கி அவ கட்டில் பக்கத்துல மாட்டினேன். பதினோரு டிகிரி. அதே வீட்டுல எனக்குப் பல்லு தந்தியடிக்குது. அவ கைவிரல் லேசா நடுங்குச்சு, நெஞ்சு படபடங்குதுன்னா. கடிகாரத்தை வச்சுக்கிட்டு நாடியை எண்ணினேன், நிமிஷத்துக்கு நூத்தி ஆறு. அது ஜாஸ்தியா கம்மியான்னு தெரியணுமில்ல? பஜார்ல ஒவ்வொருத்தர் கையா பிடிச்சுப் பாத்தேன். மூணாறுலேருந்து வந்து டீக்கடை போட்டவருக்கு எழுவத்தி நாலு. பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத குமரகுரு கையைக்கூட விடலை. எழுவத்தி ஆறு. பாவம், சமாதானம் பேச வந்திருக்கேன்னு நினைச்சு அந்த ஆளு காப்பி வாங்கிக் குடுத்துட்டாரு.

"டாக்டர்கிட்ட போவோம்"ன்னா ஆமினா மாட்டேங்கிறா. "ஊசியை நிறுத்திடுவாங்க. திரும்ப அந்த நாற்காலியில என்னை உக்கார வைக்காதீங்க"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. நெஞ்சு படபடப்போட விளையாட முடியுமா? ஒருவழியா சமாதானப்படுத்தி, இருவது வருஷமா தைராய்டு மாத்திரை எழுதுற நம்ம ஊரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க ரத்தம் எடுத்து, ரிசல்ட்டைப் பாத்துட்டு, "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா"ன்னாங்க. நான் மேல சீலிங்கைப் பாத்தேன்.

இங்கதான் மாப்ள விஷயம். நீங்களும் யாவாரி, உங்களுக்குப் புரியும். ஒரு கடையில வாங்கின பையோட இன்னொரு கடைக்குள்ள ஏறுவோமா? வெளியில யார்கிட்டயாவது குடுத்துட்டு, இல்ல மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டுத்தானே போவோம்! அதான மரியாதை. அதே மரியாதையில, திண்டுக்கல் டாக்டர் முதல் நாளே "வேற மாத்திரை உண்டா"ன்னு கேட்டப்ப, டாக்டரம்மா எழுதின சீட்டைப் பைக்குள்ள நல்லா அமுக்கிக்கிட்டு "ஒண்ணும் இல்லீங்க"ன்னவன் நான். இவங்க கேட்டப்பவும் அதையே சொல்ல வாயைத் திறக்குறேன், ஆமினா முந்திக்கிட்டா. "வாரா வாரம் எடை குறைக்கிற ஊசி போடுறேன் டாக்டர். என்னை மன்னிச்சிருங்க."

டாக்டரம்மா திட்டலை. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அங்கேயே திண்டுக்கல்லுக்கு போன் போட்டாங்க. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம்தான் பேசினாக. அப்புறம் எனக்குச் சொன்னாங்க: "பாய், பழைய எடைக்கு எழுதின மாத்திரை அளவு அது. உடம்பு பதினெட்டு கிலோ இளைச்சிடுச்சு, மாத்திரை இளைக்கலையே! போதாததுக்கு ஊசியால வயிறு மெதுவாத்தான் காலியாகும், அதுலயும் மாத்திரை உடம்புல சேர்ற விதம் மாறலாம். ரெண்டையும் சேர்த்து எடுக்கலாம், தப்பில்லை. அப்பப்ப ரத்தம் பாத்து அளவை மாத்தணும்." எக்ஸெல் சைஸ் ஆளுக்குத் தச்சதை இளைச்சவங்களுக்கு மாட்டிவிட்ட கதைன்னு எனக்கு உடனே விளங்கிடுச்சு. ஊசியை நிறுத்தலை, மாத்திரையைத்தான் குறைச்சாங்க. வெறும் வயித்துல எந்திரிச்சதும் போடணும், டீயை உடனே குடிக்கக்கூடாதுன்னு பழைய பாடத்தையும் ஒருதரம் சொல்லி அனுப்பினாங்க.

மாத்திரையைக் குறைச்ச ஆறாவது வாரம், போன வெள்ளிக்கிழமை, விடியக்காலை பஜ்ர் தொழுதுட்டுப் பாயைச் சுருட்டும்போது, "ஏங்க, அந்த ஸ்வெட்டரை எடுங்க, குளிருது"ன்னா. இத்தனை வருஷமா ஸ்வெட்டர் விக்கிறேன், இவ்வளவு சந்தோஷமா ஒண்ணை எடுத்துக் குடுத்ததில்லை. மீடியம் சைஸ்.

ஆகவே மாப்பிள்ளை, எங்களைப் பார்த்து நீங்களாகவே மாத்திரை அளவைக் குறைக்கவோ ஊசியைத் தொடவோ வேண்டாம். உள்ள மருந்து அத்தனையையும் ஒரே பையில் போட்டு, தைராய்டு டாக்டர், ஊசி டாக்டர் இருவர் மேசையிலும் கொட்டுங்கள். மருத்துவரிடம் மறைப்பவன் மடையன் என்பதை அனுபவித்து எழுதுகிறேன். பெரியவர்களுக்கு ஸலாமும், பிள்ளைகளுக்கு எங்கள் துஆவும், பூனைக்கு ஒரு தடவலும் சேர்ப்பிக்கவும்.

தங்கள் நலம் நாடும்,
மு. அப்துல் குத்தூஸ்

பி.கு.: அன்று டாக்டரம்மா என்னையும் பார்த்து, "ஐயா, நீங்க ஏதும் மருந்து எடுக்கிறீங்களா" என்றார். வத்தலக்குண்டில் வாங்கும் பிரஷர் மாத்திரையும், நீங்கள் அனுப்பும் மூட்டுவலிச் சூரணமும் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தன. "ஒண்ணும் இல்லீங்க"ன்னு வாய் தானா சொல்லிருச்சு மாப்ள. வெளியில சொல்லிடாதீங்க.

தம்பி, இது அக்கா ஆமினா எழுதுறேன். தபாலை ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு, ஒட்டுறதுக்கு முன்ன படிச்சிட்டேன். உன் மச்சானோட மாத்திரை, சூரணம் எல்லாத்தையும் எடுத்து, வேணும்னே குமரகுரு கடைப் பையில போட்டு வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில அந்தப் பையை அவர் கையில குடுத்து, பஜார் வழியா நடத்தியே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். நீ பயப்படாம உன் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. இதைத் தரையில உக்காந்துதான் எழுதுறேன். எந்திரிக்க யாரையும் கூப்பிடப் போறதில்லை.